பாதியை வைத்துக்கொண்டவர்

அவரிடம் எதையாவது இரவல் கேட்டால் நம்முடைய பொருள் ஒன்று அவரிடம் போய்விடும். சிங்கப்பூரில், தேக்காவில் என் தையல் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் குடியிருந்தார். கடையில் அலமாரி மாட்டுவதற்காக ஒருநாள் டிரில் மிஷின் கேட்டேன். "எடுத்துக்க தங்கச்சி" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தவர், மேசை மேல் கிடந்த என் பெரிய கத்தரிக்கோலை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "இது இங்க இருந்தாத்தான் அது திரும்பி வரும்லா" என்றார். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. ரவிக்கைத் துணி மலைபோல் குவிந்து கிடந்தது. கத்தரிக்கோல் இல்லாமல் நான் என்ன துணியைப் பல்லால் கடித்தா கிழிப்பேன்? அலமாரியை அரைகுறையாக மாட்டிவிட்டு ஓடிப்போய் டிரில்லைத் திருப்பிக் கொடுத்தேன். அலமாரி இன்றும் கோணலாகத்தான் நிற்கிறது.

எல்லாரிடமும் இதே கதைதான். குடை கொடுத்தால் கடைச் சாவியை வாங்கி வைத்துக்கொள்வார். ஏணி கொடுத்தால் ஒற்றைச் செருப்பை. எதிர்க்கடைப் பூக்காரர் ஒருநாள் ஒற்றைச் செருப்போடு ஏணி மேல் நின்று மின்விளக்கு மாட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். யாருக்கும் அவர் மேல் கோபம் வராது. கிறுக்கு என்று சிரித்துவிட்டுப் போவார்கள். நானும் சிரித்தவள்தான்.

"எதையும் அனுப்பலாம் தங்கச்சி. பாதியை இங்க வச்சுக்கிட்டு அனுப்பணும்." இதுதான் அவர் வாயில் சதா இருக்கும் பேச்சு. இதை அவர் கற்றுக்கொண்டது மொட்டை மாடியில், அவருடைய புறாக்களிடம்.

பந்தயப் புறா வளர்ப்பதுதான் அவருக்கு எல்லாம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். காலையில் நான் கடை திறக்கும்போதே மேலே தகர டப்பாவில் மக்காச்சோளத்தைக் குலுக்கும் சத்தம் கேட்கும். ஒரு காலத்தில் புறாக்களைக் கூடையில் அடைத்து மலேசியாவின் வடக்குக் கோடிக்கு அனுப்பி, அங்கே திறந்து விடுவார்களாம். இப்போதெல்லாம் எல்லை தாண்டிப் பறவையைக் கொண்டுபோவது நடக்காத காரியம். அதனால் இவருக்கும் இவரைப் போன்ற நாலைந்து கிழவர்களுக்கும் தீவின் மேற்கு ஓரத்தில் இருக்கிற துவாஸ்தான் உலகத்தின் மறுகோடி. ஞாயிற்றுக்கிழமை காலை இவருடைய சீன நண்பர் ஒருவர் லாரியில் கூடைகளை ஏற்றிக்கொண்டு போய் துவாஸில் திறந்து விடுவார். இவர் மொட்டை மாடியில் தொப்பியோடு நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருப்பார். யாருடைய புறா முதலில் வீடு சேர்கிறது என்பதுதான் பந்தயம்.

பறந்து வருவது புறாவின் வேலை. வர வைப்பது இவருடைய வேலை. ஆணையும் பெட்டையையும் ஜோடி சேர்த்துக் குஞ்சு பொரிக்க விடுவார். குஞ்சு தானாகத் தின்னத் தொடங்கியதும் ஜோடியைப் பிரித்துவிடுவார். வாரம் முழுக்க இரண்டும் தனித்தனிக் கூண்டில் கிடக்கும். ஞாயிறு காலை, கூடையில் போடுவதற்கு முன்னால், ஆணைப் பெட்டையிடம் விடுவார். அது கழுத்தை உப்பிக்கொண்டு பெட்டையைச் சுற்றிவரத் தொடங்கும். அவ்வளவுதான், அள்ளிக் கூடையில் போட்டு மூடிவிடுவார். சில நாள் அதோடும் விடமாட்டார். கூடைக்குள் இருக்கிற ஆணின் கண்ணில் படும்படி, அதே பெட்டையிடம் வேறொரு ஆணைக் கொண்டுவந்து விடுவார். கூடை தரையில் நகரும், அப்படி அடித்துக்கொள்ளும் உள்ளே.

"எதுக்குண்ணே இந்தப் பாவம்?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு வர்ற வழி எல்லாப் புறாவுக்கும் தெரியும் தங்கச்சி. வழி தெரிஞ்சா மட்டும் போதாது. வந்தே ஆகணும்ங்கிற தவிப்பு இருக்கணும். அத நாமதான் ஏத்தி விடணும்" என்றார். ஏதோ இட்லி மாவு கரைக்கும் பக்குவம் சொல்வது மாதிரி சொன்னார்.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனிதர்தான். என் வீட்டுக்காரர் திடீரென்று போனபோது ஆஸ்பத்திரியிலிருந்து சாம்பல் கரைப்பது வரை கூடவே நின்றவர் அவர். அந்த நாட்களில் என்னிடம் ஒரு துரும்பைக்கூடப் பதிலுக்கு வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு தினமும் காலையில் பிளாஸ்டிக் பையில் கோப்பி கட்டிக்கொண்டு வந்து என் மிஷின் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போவார். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார். 

அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், உயிரோடு இருந்த காலத்தில் நடந்தது இது. மலேசியாவில், ஈப்போவில் அண்ணியின் அக்கா மகளுக்குக் கல்யாணம். ஒரு வாரம் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லி, புதுப் புடவைக்கு என்னிடம் ரவிக்கை தைத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாளே என் கடை வாசலில் பெட்டியோடு நிற்கிறார். "என்னண்ணி, சண்டையா?" என்றேன். "கண்ணாடி இல்லாம போயிட்டேன்டி. இலையில என்ன வைக்கிறாங்கன்னுகூடத் தெரியல. மாப்பிள்ளைய விட்டுட்டு மாப்பிள்ளைத் தோழனுக்கு மாலை போடப் போயிட்டேன்" என்று சிரித்தார். நான் மேலே போய்ப் பார்த்தால், கண்ணாடி அண்ணனுடைய சட்டைகளுக்கு அடியில் மடித்து வைத்திருந்தது. அவர்தான் எடுத்துக் காட்டினார், வெட்கமே இல்லாமல். "பாத்தியா? ஒரு வாரம்னு போனவ" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "பொண்டாட்டியக் குருடியாக்கி அனுப்புறதுக்குப் பேரு ஆசையாண்ணே?" என்று கேட்டேவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அண்ணிதான் நடுவில் வந்து, "விடு. நான் இல்லாம அவரால ஒரு வேளை சாப்பிட முடியாது" என்று என்னை அடக்கினார். அண்ணி அதை ஒரு பெருமையாகவே கடைசிவரை வைத்திருந்தார். அண்ணி இறந்த பிறகு அந்தக் கண்ணாடி மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

அண்ணி போனதற்கு அடுத்து வந்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியும்போதே மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. சீன நண்பரே துவாஸிலிருந்து போன் பண்ணி, "வேணாம், திரும்பக் கொண்டு வந்துடறேன்" என்று சொல்லியிருக்கிறார். இவர் கேட்கவில்லை. அன்றைக்கு ஒரு நீல ஆண் புறாவை அனுப்பியிருந்தார், அவரிடம் இருந்ததிலேயே உசத்தி அதுதான். அதன் கண் முன்னால் அதன் பெட்டையிடம் வேறொன்றை விட்டும் காட்டியிருந்தார். மற்ற புறாக்கள் மழைக்கு எங்கேயோ ஒதுங்கிவிட்டு மத்தியானம் வந்து சேர்ந்தன. நீலம் மட்டும் கொட்டுகிற மழையில் வந்து கூண்டுப் பலகையில் விழுந்தது. எந்தக் கம்பியில் மோதியதோ, மார்பு பிளந்திருந்தது. நான் சத்தம் கேட்டு மேலே போனபோது அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பெட்டையின் கூண்டுக்கு முன்னால் நின்றார். "வந்துட்டான் பாரு, வந்துட்டான் பாரு" என்று பெட்டையிடம் சொன்னார். புறா ஒருதரம் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தது. பிறகு தலையைத் தொங்கப் போட்டுவிட்டது.

அவர் குழந்தை மாதிரி அழுதார். அழுதுகொண்டே, "நான் இப்ப பெட்டையக் காட்டியிருக்கக் கூடாது தங்கச்சி. பாக்காம இருந்திருந்தா உயிரப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கும்" என்றார். மழையில் அனுப்பியிருக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இந்த மனிதருக்கு எங்கேயோ ஒரு திருகு கழன்றிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

அவருக்கு ஒரே மகள், கலா. பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜோகூரில் கார் பட்டறை வைத்திருக்கும் பையனைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடிபோனாள். வேலை மட்டும் துவாஸில், ஒரு கம்பெனி அலுவலகத்தில். விடியலில் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வந்து, சாயங்காலம் பாலம் தாண்டிப் போவாள். அவள் மகள் மித்ரா பிறந்ததிலிருந்து தாத்தா வீட்டில்தான் இருந்தாள். "கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்மா, நீ வேலைக்குப் போகணும்ல" என்று ஆரம்பித்தது. அண்ணி போன பிறகும் அவர் விடவில்லை. தனி ஆளாகக் குழந்தையைக் குளிப்பாட்டி, தலை பின்னி, சாதத்தில் பச்சை மிளகாயைப் பொறுக்கி எடுத்துவிட்டு ஊட்டி, ஒரு குறை சொல்ல முடியாது. பகலில் பாதி நேரம் மித்ரா என் கடையில் இருப்பாள். வெட்டித் துணியில் பொம்மைக்குச் சேலை கட்டுவாள். என்னைத் தையல் பாட்டி என்று கூப்பிடுவாள்.

சனிக்கிழமையானால் கலாவும் மாப்பிள்ளையும் வந்து ஞாயிறு இரவு வரை இருந்துவிட்டுப் போவார்கள். மனைவி இல்லாத வீட்டில் அந்த இரண்டு நாளுக்காகத்தான் அவர் உயிரோடு இருந்தார் என்று நினைக்கிறேன். மீன் வாங்குவார், கோழி வாங்குவார், வெள்ளிக்கிழமையிலிருந்தே மாடிப்படியைக் கழுவி விடுவார்.

ஒருதரம் வார நடுவில் மித்ராவுக்கு உண்மையாகவே உடம்பு சுட்டது. அவர் போன் பண்ணினார். துவாஸிலிருந்து கலா எப்படித்தான் வந்தாளோ, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியில் ஓடினாள். மருந்து கொடுத்து, குழந்தை தூங்கிய பிறகு அவர் என் கடைக்கு வந்தார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. "பாத்தியா தங்கச்சி. பறந்து வந்துட்டா" என்றார். குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியதா என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை கலா என் கடையில் உட்கார்ந்து சொன்னாள். "அத்தை, மித்ராவுக்கு ஜோகூர்ல பாலர் பள்ளி பாத்தாச்சு. அடுத்த மாசம் கூட்டிட்டுப் போயிடுறோம். அப்பாகிட்ட சொன்னா, என்ன அவசரம் என்ன அவசரம்னே சொல்லிட்டு இருக்காரு. எம்புள்ள என்னைய வாரக் கடைசி விருந்தாளி மாதிரி பாக்குது அத்தை. என்னால முடியல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பாவ விட்டுட மாட்டோம். எப்பவும் போல சனி ஞாயிறு வருவோம்லா. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

சொன்னேன். பலமுறை சொன்னேன். அவர் புறாக் கூண்டைச் சுரண்டிக்கொண்டே கேட்டார். "புள்ள அங்க போயிட்டா, அவ இங்க எதுக்கு வருவா?" என்றார்.

"பெத்த அப்பன் நீங்க இருக்கீங்களே, அதுக்கு வருவா."

"எனக்காக யார் வருவாங்க தங்கச்சி" என்றார். கிண்டல் இல்லை, கோபம் இல்லை. கடையில் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல்.  இத்தனை வருஷமும் இந்த மனிதர் இதை நம்பிக்கொண்டுதான் நம் செருப்பையும் கத்தரிக்கோலையும் பிடுங்கி வைத்தாரா என்று நினைத்தேன். மறுபடியும் எடுத்துச் சொன்னேன். சரி, சரி என்று தலையாட்டினார்.

பள்ளி தொடங்குவதற்கு முந்தின வாரம். காலையிலிருந்தே மழை. மித்ரா என் கடைத் தரையில் உட்கார்ந்து நூலில் பட்டன் கோத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் அவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் போன். உதடு வெளுத்திருந்தது.

"கலா விழுந்துட்டாளாம். எக்ஸ்பிரஸ்வேயில. லாரி" என்றார்.

"வேலை நேரத்துல ரோட்டுல என்ன பண்ணினா?" என்று கத்தினேன்.

"நான்தான் வரச் சொன்னேன்." டாக்சியை நிறுத்தி ஏறிப்போய்விட்டார்.

அன்றைக்கு நான் மித்ராவோடு கடையிலேயே இருந்தேன். உள்காயம் என்றார்கள், அறுவை சிகிச்சை என்றார்கள். மறுநாள் காலை மித்ராவைப் பூக்காரர் மனைவியிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தீவிர சிகிச்சை வார்டு வாசலில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். கலாவுக்கு நினைவு இருக்கிறது, பேசுகிறாள், ஆனால் ரத்தக் கசிவு நிற்கவில்லை, பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னான். சொல்லும்போதே உடைந்து அழுதான்.

"அப்ப மித்ராவ ஏன் இன்னும் கூட்டிட்டு வரல?" என்றேன்.

"அவளுக்குத்தான் காய்ச்சல் அதிகமாயிருக்கே அத்தை. வலிப்பு வந்துச்சுன்னு மாமா போன் பண்ணித்தானே கலா மழையில கிளம்புனா. இந்த நிலைமையில புள்ளய வெளிய எடுக்கக் கூடாதுன்னு மாமா சொல்றாரு. கலா புள்ளய ஒரு தடவ பாக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்கா."

 என் கடைத் தரையில் வெயில் நிறத்தில் பாவாடை கட்டிக்கொண்டு பட்டன் கோத்த பிள்ளைக்கு வலிப்பாம்.

அவர் தாழ்வாரத்தின் கோடியில் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். போய்ச் சட்டையைப் பிடித்தேன். "அடப்பாவி மனுஷா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க! பண்ணினது போதாதுன்னு, பெத்தவகிட்ட புள்ளயக் காட்டவும் மாட்டீங்களா?"

"மெதுவாப் பேசு" என்றார். "காட்டக் கூடாது தங்கச்சி. பாத்துட்டா அவ மனசு ஆறிடும். ஆறிட்டா அப்படியே விட்டுருவா. புள்ளயப் பாக்கணும்ங்கிற தவிப்பு இருந்தாத்தான் எழுந்து வருவா. எனக்குத் தெரியும். நான் பாத்திருக்கேன்."

அவர் கண்ணைப் பார்த்தேன். நம்பித்தான் சொன்னார். பொய் வெளியே வந்துவிடும் என்ற பயமும் அதற்குள் இருந்ததா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன், விளங்கவில்லை. அப்போது அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. "நீங்க மனுஷன்தானா?" என்று கேட்டுவிட்டு டாக்சி பிடித்துத் தேக்காவுக்கு வந்து, மித்ராவைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். வழியெல்லாம் பிள்ளை ஜன்னல் கண்ணாடியில் மூச்சு விட்டுப் படம் வரைந்துகொண்டு வந்தாள்.

சின்னப் பிள்ளை, உள்ளே விட முடியாது என்று தாதி முதலில் தடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, ஒதுங்கி வழிவிட்டார். மாப்பிள்ளை குழந்தையை வாங்கிக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தான். அவரும் எங்கள் பின்னாலேயே வந்து சுவரோடு நின்றார்.

கலாவின் முகம் வீங்கியிருந்தது. ஒரு கண்தான் திறந்திருந்தது. மித்ரா முதலில் பயந்தாள். அம்மா குரலைக் கேட்டதும் கிட்டே போனாள். கலா கையைத் தூக்கிக் குழந்தையின் நெற்றியில் புறங்கையை வைத்தாள். பிறகு கழுத்தில் வைத்தாள்.

"காய்ச்சல் விட்டுருச்சாடா கண்ணு?"

"எனக்குக் காய்ச்சலே இல்லையேம்மா" என்றாள் மித்ரா. "நேத்து நான் பட்டன் மாலை கோத்தேன். தாத்தா மேல போன் பேசிட்டு இருந்தாங்க."

 கலா குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழவில்லை. "அப்படியா, நல்லதுடா செல்லம்" என்று மட்டும் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்துப் புருஷனிடம், "இவள இன்னைக்கே நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. உங்க அம்மாகிட்ட விட்டுட்டு வாங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க" என்றாள்.

"நீ மொதல்ல எழுந்து வாம்மா, அப்புறம் எல்லாரும் சேர்ந்து..." என்று சுவர்ப்பக்கமிருந்து அவர் ஆரம்பித்தார்.

கலா அவர் பக்கம் திரும்பவில்லை. கையை மட்டும் அவர் இருந்த திசையில் நீட்டினாள். அவர் முகம் சட்டென்று மாறியது. ஓடி வந்து, குனிந்து, தன் இரண்டு கையையும் அவள் கையில் வைத்து, "அப்பா இங்கதாம்மா இருக்கேன்" என்றார்.

அவள் விரலை உருவிக்கொண்டாள். உள்ளங்கையை மறுபடியும் விரித்தாள்.

"புள்ளயோட பாஸ்போர்ட்" என்றாள்.

அது அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தார்.